ஏழு பவுன்

பேத்திக்கு எட்டு மாதம் ஆனதும், மகள் எங்கள் இருவரையும் அயர்லாந்துக்கு வரச் சொன்னாள். 2023 மே மாதம் போய் ஆகஸ்ட் கடைசியில் திரும்பினோம். அவள் அங்கே நர்ஸ். மாப்பிள்ளைக்கும் அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை. இரண்டு பேருக்கும் ஷிப்ட் மாறி மாறி வரும். இடையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். "ஊர் சுத்திப் பாக்க வாங்கப்பா" என்றுதான் போனில் சொன்னாள். போய் இறங்கிய மறுநாளே எந்த ஊரைச் சுற்றப் போகிறோம் என்பது புரிந்துவிட்டது. தொட்டிலைத்தான்.

டிக்கெட் பணத்தை நான்தான் கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தேன். "ரெண்டு பேருக்கும் சேர்த்து 900 யூரோதாம்பா, ஆஃபர்ல கெடைச்சுது" என்றாள். அதை ரூபாயாக மாற்றி அன்றைக்கே அவள் கணக்கில் போட்டுவிட்டேன். 38 வருட சர்வீஸில் யாரிடமும் ஒரு ரூபாய் கைமாற்று வாங்காதவன் நான். மகளிடம் மட்டும் கடன்படலாமா?

அவர்கள் வீடு கால்வே மாவட்டத்தில், ஒரு சிற்றூருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. அந்தச் சிற்றூரின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தால் என் பிரெஞ்சு நாக்குக்கு 'துவாம்' என்று வந்தது. உள்ளூர்க்காரர்கள் 'சூம்' என்கிறார்கள். அந்தப் பெயரை வரைபடத்தில் பார்த்ததுமே எனக்கு என்னவோ பொறி தட்டியது. இரண்டு நாள் யோசித்த பிறகுதான் நினைவு வந்தது. லாலி துரை!

புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோந்த் த லாலி தொலாந்தால். 1758-இல் பிரெஞ்சுப் படைக்குத் தலைவராக நம் ஊருக்கு வந்து, 1761 ஜனவரியில் ஊரையே ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுக் கைதியாகப் போனவர். ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடி நாலு நாளில் ஊர் விழுந்தது. பிறகு பாரீஸில் வழக்கு நடத்தி 1766-இல் அவர் தலையை வெட்டினார்கள். வொல்தேர்தான் அவருக்காக வாதாடி எழுதினார். இதையெல்லாம் பிரெஞ்சு மீடியத்தில் நெட்டுருப் போட்டவன் நான். அவருடைய தகப்பனார் அயர்லாந்துக்காரர், இந்த சூம் பக்கத்து ஆள் என்பதும் பாடத்தில் ஒரு வரியாக வந்தது. கத்தோலிக்க அரசர் இரண்டாம் ஜேம்ஸ் தோற்ற பிறகு பிரான்ஸுக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்த அயர்லாந்துக்காரர்களில் அவரும் ஒருவர். 'தொலாந்தால்' என்பதும் இங்கே பக்கத்திலிருக்கும் டுலினடேலி என்ற இடத்தின் பெயர்தான். பிரெஞ்சு வாயில் அப்படி ஆகிவிட்டது.

இந்தக் கதையை நான் முதலில் சொன்னது பக்கத்து நிலத்துக்காரரிடம். அங்கே வயல்களுக்கு வரப்பு கிடையாது. சுண்ணாம்போ மண்ணோ வைக்காமல் கல்மேல் கல்லாக அடுக்கிய இடுப்பளவுச் சுவர்தான் எல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவரும் மாடுகளும், இந்தப் பக்கம் நானும் பேத்தியின் தள்ளுவண்டியும். அவருக்கு அப்போது 76 வயது, எனக்கு 74.

என் ஆங்கிலம் ஆபீஸில் கற்றது. 'ஃபார் ஆர்டர்ஸ் ப்ளீஸ்', 'மே பீ ஃபைல்டு' எல்லாம் ஃபைலுக்கு உதவும், சுவரோரம் நின்று பேச உதவாது. அவருடைய ஆங்கிலமோ வாய்க்குள்ளேயே பாதி கரைந்துவிடும். இரண்டு பேருடையதையும் கூட்டினாலும் ஒரு முழு ஆங்கிலம் தேறாது. ஆனாலும் லாலியின் தலை போனவரை எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஆக, எங்க ஊர்க்காரன் ஒருத்தன் வந்து உங்க ஊரைத் தொலைச்சுட்டான்?"

"ஆமாம்."

"அதைத் திருப்பிக் கேக்கத்தான் வந்திருக்கீங்களா?"

அன்றிலிருந்து நான் அவருக்கு 'கவர்னர்'. எல்.டி.சி.யாகச் சேர்ந்து ஒவ்வொரு படிக்கும் பத்து வருடம் காத்திருந்தவனுக்குப் பத்தே நிமிடத்தில் கிடைத்த பதவி உயர்வு இது ஒன்றுதான்.

ஜூன் மாதம் ஒரு நாள் அவர் என்னைக் கரி நிலத்துக்கு அழைத்துப்போனார். அங்கே 'போக்' என்பார்கள். ஆயிரக்கணக்கான வருடம் செடிகொடிகள் மட்கிக் கறுத்துப்போன ஈர நிலம். அந்த மண்ணைச் செங்கல் அளவுக்கு வெட்டியெடுத்து, காயவைத்து, குளிர்காலத்தில் அடுப்பில் எரிப்பார்கள். நம் ஊரில் வறட்டி தட்டிக் காயவைப்பதைப் பார்த்தவர்களுக்குப் புதிதாக ஒன்றும் தோன்றாது. அந்தக் காலத்தில் ஒரு பக்கம் இறக்கை வைத்த மண்வெட்டியால் வெட்டியதை இப்போது மெஷின் வெட்டிப் போட்டுவிடுகிறது. ஆனால் ஐந்தாறு கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்திக் காற்றாட வைக்கும் வேலைக்குக் குனியத்தான் வேண்டும். கால் மணி நேரத்தில் என் இடுப்பு 'மே பீ ஃபைல்டு' என்றது. இரண்டு பேரும் உட்கார்ந்து பிளாஸ்க் தேநீரைத் திறந்தோம். அப்போதுதான் அவர் தன் காளையை விற்ற கதையைச் சொன்னார்.

1964-இல் அவருக்குப் பதினேழு வயது. அப்பா அதிகம் பேசாதவர். "மாட்டுகிட்ட பேசின அளவுகூட எங்ககிட்ட பேசினதில்ல. மாட்டுக்காவது பேர் இருந்துச்சு. எங்களை எல்லாம் 'நீ'தான்." அந்த அக்டோபரில் அப்பா கால் சுளுக்கிப் படுத்துக்கொண்டார். சந்தைக்கு ஒரு காளை போக வேண்டும். இறைச்சிக்காகக் கொழுக்கவைக்க வியாபாரிகள் வாங்கும் ஒன்றரை வயது இளங்காளை. அதுவரை அப்பா பின்னால் குச்சி பிடித்துக்கொண்டு போனதுதான் பையனின் அனுபவம். முந்தின இரவு அப்பா மூன்றே வார்த்தை சொன்னார்: "ஐம்பதுக்குக் கீழே தராதே."

ஐம்பது பவுன். அந்த வீட்டுக்குப் பாதி வருடச் செலவு.

விடிகாலை நாலு மணிக்குப் புறப்பட்டு, ஏழு மைல் மாட்டோடு இருட்டில் நடந்தார். அப்போதெல்லாம் சந்தை ஊர்த் தெருவிலேயே கூடும். மாடுகள் கண்ணாடியை உடைத்துவிடாமல் இருக்கக் கடைக்காரர்கள் வாசலில் கட்டைகளைக் குறுக்கே கட்டிவைப்பார்கள். ஏலம் போடும் மார்ட்டுகள் பரவிக்கொண்டிருந்த காலம். தெருச் சந்தைகளுக்கு அது கடைசிக் காலம்.

பேரம் எப்படி நடக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு மதகடிப்பட்டு சந்தை ஞாபகம் வந்தது. சிறுவனாகத் தாத்தாவோடு போயிருக்கிறேன். அங்கே துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. இவர்கள் ஊரில் அதற்கு நேர் எதிர். எல்லாம் ஊரறியக் கூச்சல்தான். வியாபாரி ஒரு விலை சொல்லிவிட்டுக் கோபித்துக்கொண்டு போவான். தரகன் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்து வருவான். இரண்டு பேர் கையையும் சேர்த்துவைத்து, "வித்தியாசத்தைப் பாதியா உடைங்க" என்பான். ஒத்துக்கொண்டால் உள்ளங்கையில் எச்சில் துப்பி ஓங்கித் தட்டிக்கொள்வார்கள். கை தட்டினால் பத்திரம் எழுதின மாதிரி. விற்றவன் வாங்கினவனுக்கு ராசிக்காசு என்று கொஞ்சம் திருப்பிக் கொடுக்க வேண்டும். துண்டு மட்டும்தான் இல்லை, தரகு ஒன்றேதான்.

"முதல் ஆள் நாற்பத்தெட்டு கேட்டான். நான் அப்பா மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு வானத்தைப் பாத்தேன். போயிட்டான். அவன் திரும்பி வருவான்னு நெனச்சேன், கவர்னரே. வரவே இல்ல. ரெண்டாவது ஆள் வந்தப்ப இந்தப் பய நடுத்தெருவுல படுத்துட்டான்."

"யார்?"

"காளைதான்! ஏழு மைல் நடந்த களைப்பு. பேங்க் வாசல்ல குறுக்கே படுத்துட்டான். வாலைப் பிடிச்சுத் தூக்கறேன், காதுல கத்தறேன், எழுந்திருக்க மாட்டேங்கறான். ஊரே சுத்தி நின்னு யோசனை சொல்லுது. பாதிரியார் சைக்கிளை நிறுத்திட்டு வேடிக்கை பாக்கறாரு. வாங்க வந்தவன் சொன்னான்: 'தம்பி, நிக்கிற மாட்டுக்கு ஒரு விலை, படுத்த மாட்டுக்கு ஒரு விலை.' மழை வேற பிடிச்சுக்கிச்சு. நாற்பத்துநாலுக்குக் கையைத் தட்டிட்டேன். ஒரு பவுன் ராசிக்காசு போக நாற்பத்துமூணு."

"அப்புறம்?"

"கையைத் தட்டின அடுத்த நிமிஷம் எழுந்து நின்னான். சட்டையைத் தட்டி விட்டுக்கிற மாதிரி உடம்பைச் சிலுப்பிக்கிட்டு அவன் பின்னாடியே போனான். இன்னிவரைக்கும் நான் அவனை மன்னிக்கல."

ஏழு மைலும் திரும்பி நடக்கும்போது அவர் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். நாற்பத்துமூன்றைக் கொண்டுபோய் வைத்தால் அப்பா திட்ட மாட்டார், அடிக்கவும் மாட்டார். அடுத்த சந்தைக்குச் சுளுக்கின காலோடு அவரே போய்விடுவார். அதுதான் பயம். மாட்டுக் கொட்டகைப் பரணில், வைக்கோலுக்கு அடியில் ஒரு கோகோ டப்பா இருந்தது. அதில் ஏழு பவுனும் சில ஷில்லிங்கும். சூமில் சர்க்கரை ஆலை இருந்ததால் சுற்றுவட்டாரத்தில் சர்க்கரைக் கிழங்கு பயிரிடுவார்கள். முட்டியில் சாக்கைக் கட்டிக்கொண்டு, மண்டிபோட்டு நகர்ந்து, நெருக்கமாக முளைத்த கிழங்கு நாற்றைக் களைந்து விடுவது பையன்களுக்குக் கூலி வேலை. இரண்டு கோடை அப்படி நகர்ந்து சேர்த்த பணம். கடை ஜன்னலில் தொங்கிய ஒரு நீல சூட்டுக்காகச் சேர்த்தது. நடனக் கூடத்துக்குப் போக வேண்டுமே!

கொட்டகைக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்குள் போனார். மேசைமேல் ஐம்பது பவுனை வைத்தார். அப்பா எச்சில் தொட்டு ஒவ்வொரு நோட்டாக எண்ணினார். "சரி" என்றார். அவ்வளவுதான்.

"அந்த 'சரி'க்கு ஏழு பவுன், கவர்னரே. ஆனா அன்னிக்கு ராத்திரி அந்த விலை எனக்கு அதிகமாத் தெரியல."

நான் சிரிக்கவில்லை. அவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே சிரித்துக்கொண்டு மீதியைத் தொடர்ந்தார்.

நீல சூட் போயிற்று. நடனத்தை விட முடியுமா? பாஸ்டனில் இருந்த அத்தை பழைய துணிகளைப் பார்சலில் அனுப்புவார். அதில் ஒரு கட்டம்போட்ட பழுப்பு சூட். அத்தைவீட்டுக்காரர் ஆறடிக்கு மேல். கையை உள்ளே விட்டால் விரல் வெளியே வராது. ஊக்கு குத்தி மடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை இரவு சைக்கிளில் போனார். அந்தக் காலத்து நடனக் கூடங்களைப் பற்றி அவர் சொன்னது எனக்கு நம் கல்யாண மண்டபத்தை நினைவூட்டியது. ஒரு பக்கச் சுவரோரம் பெண்கள், எதிர்ச் சுவரோரம் ஆண்கள், நடுவில் காலித் தரை. பாட்டு தொடங்கினால் ஆண்கள் அந்தத் தரையைத் தாண்டிப் போய்க் கேட்க வேண்டும். மாட்டேன் என்று சொல்லிவிட்டால் எல்லோர் கண் முன்னாலும் திரும்பி நடந்து வர வேண்டும். உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின தவக்காலத்தில் மட்டும் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். "அந்த நாற்பது நாள்தான் நிம்மதி" என்றார்.

உள்ளே மது கிடையாது. 'மினரல்' மட்டும்தான். நான் மினரல் வாட்டர் என்று நினைத்தேன். இல்லை, அவர்கள் கலர் சோடாவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஒரு பெண்ணிடம் "மினரல் சாப்பிடறியா?" என்று கேட்டால் பாதி நிச்சயதார்த்தம் ஆன மாதிரி. இவர் சட்டையில் மதுவிலக்குச் சங்கத்தின் சின்னம் வேறு. உறுதிபூசுதல் சடங்கின்போது சிறுவர்களிடம் சத்தியம் வாங்கிவிடுவார்கள். மதுவுக்குப் பேர்போன ஊர்க்காரனாகிய நான் இதைக் கேட்டுப் பேசாமல் தேநீரைக் குடித்தேன்.

ஏழு பேர் மாட்டேன் என்றார்கள். எட்டாவது பெண் சூட்டையும் ஊக்கையும் பார்த்துச் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை. ஆடினார்கள். மூன்று பாட்டு ஒரு சுற்று. பிறகு மினரல்.

"சந்தைக்கு மாடு ஓட்டிட்டு வந்தது நீதானே? எவ்வளவுக்குப் போச்சு?" என்று கேட்டாள்.

"ஐம்பது" என்றார் இவர், சட்டைக்காலரை இழுத்துவிட்டுக்கொண்டு.

அவள் உறிஞ்சு குழாயை வாயிலிருந்து எடுத்தாள். "அப்படியா? வாங்கினது எங்க மாமா. வீட்டுல நாற்பத்துநாலுன்னாரு. ராசிக்காசு ஒரு பவுன் வேற."

சீதைக்குத் திறந்த பூமி அந்த நடனக் கூடத்தில் இவருக்குத் திறக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு, "இன்னொரு மினரல் வாங்கிக் கொடு. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாளாம்.

"அன்னிலேருந்து வாங்கிக் கொடுத்துக்கிட்டே இருக்கேன்" என்றார். நாங்கள் குடித்துக்கொண்டிருந்த பிளாஸ்க் தேநீரைப் போட்டுக் கொடுத்தது அந்த அம்மாள்தான். மறுநாள் அவரைச் சுவரோரம் பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "காளைக் கதையைச் சொல்லிட்டாரா? படுத்த இடம் பேங்க் வாசல் இல்ல, செருப்புக்கடை வாசல்" என்று திருத்தினார்.

1966-இல் இவர் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போனார். அப்போது அந்தப் பக்கத்துப் பையன்கள் பாதிப் பேர் போனார்கள். கட்டட வேலை. பெண்கள் நர்ஸ் படிப்புக்குப் போனார்கள். இந்த அம்மாளும் அப்படித்தான். (அன்று அயர்லாந்துப் பெண்கள் கடல் தாண்டிப்போய் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளைத் தாங்கினார்கள். இன்று நம் பெண்கள் போய் அயர்லாந்து ஆஸ்பத்திரிகளைத் தாங்குகிறார்கள்.) சூம் ஸ்டேஷனில் அப்போது பயணிகள் ரயில் ஓடியது. டப்ளின் போய், அங்கிருந்து கப்பல் ஏறி ஹோலிஹெட், மறுபடி ரயில், லண்டன். அப்பா ஸ்டேஷனுக்கு வந்தார். கட்டிப்பிடிக்கிற பழக்கமெல்லாம் அந்த வீட்டில் கிடையாது. கைகுலுக்கினார். கையில் ஒரு கவர் இருந்தது. "வழிக்கு" என்றார். ரயில் அத்தன்ரை தாண்டிய பிறகு திறந்து பார்த்தார். ஏழு ஒரு பவுன் நோட்டுகள்.

"அப்பா கஞ்சன்னு நெனச்சிருந்தேன். ஏழு பவுன் கொடுத்துட்டாரேன்னு ஆச்சரியம். அதுக்கு மேல ஒண்ணும் தோணல. பத்தொன்பது வயசுல என்ன தோணும்? லண்டன்ல தங்கின ரூமுக்கு முன்பணமாக் கொடுத்துட்டேன்."

1971-இல் கல்யாணம். 1973-இல் அயர்லாந்து ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர்ந்த பிறகு விவசாயத்துக்கு நல்ல விலை கிடைக்கத் தொடங்கியது. 1977-இல் அப்பாவுக்குக் கைகால் இழுத்துக்கொண்டதும் இவர்கள் ஊர் திரும்பினார்கள். 1981-இல் அப்பா போனார்.

அங்கே சாவு வீட்டில் உடலை வீட்டிலேயே வைத்து ராத்திரி முழுக்க ஊரார் கூடி உட்காருவார்கள். தேநீர், விஸ்கி, ரொட்டி, போனவரைப் பற்றிய கதைகள். அழுகையும் சிரிப்பும் ஒரே அறையில். அங்கே அந்தப் பழைய மாட்டு வியாபாரி, மனைவியின் மாமா, தடியூன்றி வந்தார். இவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க அப்பன் போயிட்டான், இப்பச் சொல்லலாம்" என்றார். "அந்த மாட்டை நான் வாங்கின ஞாயித்துக்கிழமையே கோயில் வாசல்ல என்னைப் பிடிச்சுட்டான். எவ்வளவு கொடுத்தேன்னு கேட்டான். ராசிக்காசு போக நாற்பத்துமூணுன்னு சொன்னேன். ரொம்ப நேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டிருந்தான். அப்புறம் சொன்னான்: 'பையன் எங்கிட்ட ஐம்பது கொடுத்தான். அப்படின்னா மாடு ஐம்பதுக்குத்தான் போச்சு. நீ வேற எதுவும் சொல்லாதே.'"

அந்த இடத்தில் இவர் நிறுத்தி, கரிக்கட்டி ஒன்றை எடுத்து இன்னொன்றின்மேல் சாய்த்து நிறுத்தினார். காற்றில் அது விழுந்தது. மறுபடி நிறுத்தினார்.

"ரயில்ல கொடுத்த ஏழு பவுன் அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, கவர்னரே. பதினஞ்சு வருஷம் கழிச்சு. அவர் அடுத்த ரூம்ல பெட்டிக்குள்ள இருக்காரு. போய் என்னன்னு சொல்றது?"

அன்று இரவுதான் அவர் சட்டையிலிருந்து அந்த மதுவிலக்குச் சின்னத்தைக் கழற்றினாராம்.

எனக்கும் ஒரு கதை இருந்தது. அதை அன்று அவரிடம் சொன்னேன். இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. 1965-இல் பிரெவே பரீட்சை எழுதினேன். முடிவு ஒட்டிய அன்று போய்ப் பார்த்தேன். என் நம்பர் இல்லை. வீட்டுக்கு வந்து, "லிஸ்ட் இன்னும் போடலப்பா" என்றேன். அப்பா ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். "சரி, போடட்டும்" என்றார். மறுநாளும் கேட்கவில்லை, அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, பழைய மரமேசை ஒன்றைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். "தரையில உக்காந்து படிச்சா முதுகு வலிக்கும். அடுத்த வருஷம் இதுல படி" என்றார். அடுத்த வருஷம் என்று அவர் சொன்னதைக்கூட நான் கவனிக்கவில்லை. மாட்டிக்கொள்ளவில்லை என்ற சந்தோஷம்தான். 1983-இல் அவர் போன பிறகு பெட்டியைக் குடைந்தபோது ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தது. அவர் கையெழுத்தில் என் பரீட்சை நம்பர், கீழே தேதி. லிஸ்ட் ஒட்டிய அதே தேதி.

பக்கத்து நிலத்துக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். "மேசை இருக்கா?" என்றார்.

"இருக்கு. அதுலதான் இப்பவும் எழுதறேன்."

"நீங்க கெட்டிக்காரர். நான் லண்டன்ல ரூம் வாடகைக்குக் கொடுத்துட்டேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அவர் கதையைச் சொன்னேன் (என்னுடையதைச் சொல்லவில்லை). எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏழு பவுனா! அந்தக் காலத்துலயே ஒரு மாட்டுக்கு ஏழு பவுனா?" என்று வாயைப் பிளந்தாள். அது தங்கம் இல்லை, அவர்கள் ஊர் ரூபாய் என்று விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. "எதுவா இருந்தா என்ன, அந்த அப்பா திருப்பிக் கொடுத்துட்டாரு இல்ல" என்றாள்.

ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது பேத்திக்கு லேசாக உடம்பு சுட்டது. மகளும் மாப்பிள்ளையும் டியூட்டியில். தெர்மாமீட்டரைத் தேடி மேசை டிராயரைத் திறந்தேன். தெர்மாமீட்டர் கிடைத்தது. அதன் அடியில் எங்கள் விமான டிக்கெட்டின் ரசீது. பில் என்றால் கூட்டிப் பார்க்காமல் விடாத கை அல்லவா இது? இரண்டு பேருக்கும் சேர்த்து 1,740 யூரோ.

நின்றுகொண்டே கழித்துப் பார்த்தேன். 840. அந்தக் காசுக்கு அவள் எத்தனை இரவு டியூட்டி பார்த்திருப்பாள் என்றும் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன். 900 யூரோவை அனுப்பிவிட்டு நான் போனில் பேசிய பேச்செல்லாம் காதில் விழுந்தது. "உங்கப்பன் யாருக்கும் கடன்பட்டவன் இல்லைம்மா."

ரசீதை மடிப்புக் கலையாமல் இருந்த இடத்திலேயே வைத்தேன். பேத்திக்கு நூறுதான் காட்டியது. ராத்திரி மகள் வந்ததும் அதைச் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. பெண் என்னிடம் 900 என்றாள். அப்படியென்றால் டிக்கெட் 900-தான்.

புதுச்சேரி வந்ததும் மனைவியைக் கூட்டிக்கொண்டு நகைக்கடைக்குப் போனேன். பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு ஒன்றரைப் பவுனில் ஒரு சங்கிலி. செய்கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்தால் 840 யூரோவுக்கு ஏறக்குறையச் சரியாக வந்தது. நான் எப்போதும் இல்லாத அதிசயமாக நகைக்கடையில் வாய் திறக்காமல் நின்றதைப் பார்த்து மனைவிக்கே சந்தேகம். அயர்லாந்துக்குத் திரும்பிப்போகும் ஒரு நர்ஸ் பெண்ணிடம் கொடுத்தனுப்பினோம்.

பிறந்தநாள் அன்று மகள் போன் செய்தாள். குழந்தை கழுத்தில் சங்கிலியைக் காட்டினாள். ஜன்னலுக்கு வெளியே கல்சுவரும், அதற்கு அந்தப் பக்கம் ஒரு பழைய தொப்பியும் தெரிந்தன.

"ஏம்ப்பா, பென்ஷன் பணத்துல இவ்வளவு செலவு பண்றீங்க?" என்றாள்.

"இல்லம்மா, ஆஃபர்ல கெடைச்சுது" என்றேன்.